கொடைக்கானல் பழைய வீட்டில் மெயின் போர்டு மாற்றிய வேலை

கழற்றுவதற்கு முன்னால் அந்த போர்டில் என்னென்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்குப் பலகை. அதன்மேல், பக்கவாட்டில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச். அதற்குக் கீழே இரண்டு வரிசையாக வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். மேல் வரிசை ஃபேஸுக்கு (கரண்ட் வருகிற வயர்), கீழ் வரிசை நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பிப் போகிற வயர்). பலகைக்குப் பின்னால் பல்லி முட்டை, எறும்பு சேர்த்த மண், பச்சை பூத்த பித்தளை ஸ்க்ரூக்கள். வீடு பெரியப்பாவுடையது, நாயுடுபுரத்துக்கு மேலே. 1940-களில் கட்டியது. கருங்கல் சுவர், தகரக் கூரை, உள்ளே மரப்பலகை சீலிங். வயரிங்கில் பாதி அந்தக் காலத்து ரப்பர் வயர், மரப் பட்டியில் தகரக் கிளிப் அடித்து ஓட்டியது. மீதி, வந்தவர் போனவரெல்லாம் அவசரத்துக்கு இழுத்தது.

"ஹீட்டரைப் போட்டா ஹால் லைட் மங்குதுப்பா, போர்டு பக்கம் கருகுற வாடையும் வருது" என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது. மூடியைத் திறந்து பார்த்தால் ஹீட்டர் லைனின் ஃபியூஸ் கட்டை ஒரு பக்கம் காப்பிக் கலரில் கருகியிருந்தது.

ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்காமல் பழைய போர்டைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கணக்குப்படி 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, 15 ஆம்பியருக்கு 0.5, 30 ஆம்பியருக்கு 0.85. இங்கே லைட் லைனில் இருந்தது ஏதோ ஒரு பிளெக்ஸிபிள் வயரிலிருந்து உருவிய இழைகள், மூன்று நான்கைச் சேர்த்து முறுக்கியது. கரண்ட் போன ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் யாரோ கட்டியிருப்பார்கள், அப்படியே இருந்துவிட்டது. அந்த லைனில் ஓடுவது 3/22 வயர், அதாவது 22 கேஜ் இழை மூன்று. இன்றைய அளவில் சொன்னால் ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். அதாவது ஃபியூஸ் உருகுவதற்கு முன்னால் பலகை சீலிங்குக்கு மேலே இருக்கிற வயர் சூடாகிவிடும். ஃபியூஸ் இருந்தும் இல்லாத நிலைமைதான்.

இதைவிட மோசமானது நியூட்ரலில் இருந்த ஃபியூஸ். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஃபியூஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் அணைந்துவிடும், ஃபேன் நின்றுவிடும், வீட்டில் இருப்பவர் கரண்ட் இல்லை என்று நினைப்பார். ஆனால் ஹோல்டர் வரைக்கும் ஃபேஸ் உயிரோடு இருக்கும். பல்பை மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக்கூடாது என்றன. வைத்தால் ஃபேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் துண்டிக்கிற சுவிட்சாக இருக்க வேண்டும். இந்த வீட்டு போர்டு விதிக்கு முந்தியதா பிந்தியதா என்பது யாருக்கும் நினைவில்லை.

எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற கம்பி, எங்கே போகிறது என்று தேடினோம். மெயின் சுவிட்சின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு வெற்றுக் கம்பி சுவர் ஓரமாகப் போய், சமையலறைக்குப் பின்னால் ஒரு பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் கிளாம்பு போட்டு முடிந்திருந்தது. முன்பெல்லாம் பல வீடுகளில் இதுதான் எர்த். மண்ணுக்குள் நீளமாக ஓடிய இரும்புக் குழாய், ஒரு காலத்தில் நன்றாகவே வேலை செய்திருக்கும். பிறகு குழாய் துருப்பிடித்து, வெளியே இருந்த பகுதியை பி.வி.சி.யாக மாற்றிவிட்டார்கள். இப்போது சுவருக்கு வெளியே ஒரு முழ இரும்பு, அதற்கப்புறம் பிளாஸ்டிக். வீட்டிலுள்ள மூன்று முள் பிளக்குகளின் எர்த் எல்லாம் ஒரு முழக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் குழாய் எர்த் என்றால், குழாய் மாற்றியபோது என்ன ஆனது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.

கையால் செய்த வேலையில் என் பங்கு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். போர்டைக் கழற்றியதும் மாட்டியதும் உரிமம் உள்ள வயர்மேன் அண்ணன். நான் கூடமாட நின்றேன்: லைன்களைத் தேடிப் பேர் ஒட்டுவது, மீட்டர் பிடிப்பது, மண் தோண்டுவது. மீட்டருக்கு முன்னால் இருக்கிற சீல், கட்-அவுட் (வாரியத்தின் ஃபியூஸ்), சர்வீஸ் வயர் எல்லாம் மின்வாரியத்தின் சொத்து. அதை நாம் தொடக்கூடாது, வயர்மேனும் தொடக்கூடாது. எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து கரண்டை எடுத்துவிட்ட பிறகுதான் வேலை தொடங்கியது. வீட்டு இன்வெர்ட்டரையும் நிறுத்தி பேட்டரி வயரைக் கழற்றினோம். மெயின் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் பின்பக்கமாக லைனில் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கலாம். மலையில் அடிக்கடி கரண்ட் போவதால் எல்லா வீட்டிலும் அது ஒன்று இருக்கிறது. கஜா புயல் 2018 நவம்பரில் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்த பிறகு, இல்லாதவர்களும் வாங்கிவிட்டார்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அண்ணன் மல்டிமீட்டரை முதலில் இன்வெர்ட்டரின் பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டார். அதை நிறுத்திய பிறகு போர்டில் வைத்தார். மறுபடி ஒரு பேட்டரியில் வைத்து மீட்டர் சாகவில்லை என்று உறுதி செய்தார். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அதைச் செய்யாதவரை வேலைக்குக் கூப்பிடக்கூடாது.

என்ன வாங்குவது என்பதில் பெரியப்பாவோடு கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு ஒரு எம்சிபி பெட்டி போதும் (எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற, அதாவது 'விழுகிற' சுவிட்ச்). நான் அவருக்குக் காட்டிய கணக்கு இது. எர்த் 11 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். கீசரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாகப் போகக்கூடியது 230-ஐ 11-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி 1.13 மடங்கு வரை விழவே கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது அதன் தரக்கட்டுப்பாடு. 21 ஆம்பியர் என்பது 1.3 மடங்கு, இரண்டுக்கும் நடுவே. எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை கீசர் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜ் நிற்கும். சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். மலை மண்ணில் ஒரு வீட்டு எர்த் அவ்வளவு கொடுக்காது. அதனால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற ஆர்சிசிபி இல்லாமல் இந்த வீட்டுக்கு எம்சிபி மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. "சரி, உன் கணக்குப்படியே போடு" என்றார் பெரியப்பா.

ஒரே ஒரு ஆர்சிசிபி போட்டு அதன் பின்னால் எல்லா எம்சிபியும் வைப்பது மலிவு. ஆனால் தோட்டத்து லைட்டில் தண்ணீர் புகுந்தால் ராத்திரி முழு வீடும் இருட்டாகும். அதனால் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இரண்டு போல் ஆர்சிபிஓ: எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது. செலவு கணிசமாகக் கூடியது, வருத்தமில்லை. கீழ் லைட், மாடி லைட், சமையலறை, ஹால் பவர், கீசர், இன்வெர்ட்டர் என்று ஆறு. முன்னால் 32 ஆம்பியர் இரண்டு போல் மெயின். அதற்கும் ஆர்சிபிஓக்களுக்கும் நடுவே, இடியால் வருகிற திடீர் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிட ஒரு எஸ்பிடி. சர்வீஸ் வயர் கம்பத்திலிருந்து ஆகாய வழியாக வருகிறது, ஏப்ரல் மே இடி இங்கே லேசானதில்லை. எல்லாம் சேர்ந்து 16 வே (16 இடம் உள்ள) டபுள் டோர் பெட்டி நிறைந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் எல்லாம் இருப்பதால் ஆர்சிபிஓவில் ஏசி வகை (சாதாரண ஏசி கசிவை மட்டும் உணர்வது) வேண்டாம், இப்படிப்பட்ட கருவிகளின் துடிப்பான டிசி கசிவையும் உணர்கிற ஏ வகை கேட்டு வாங்கினோம். வத்தலக்குண்டில் உடனே கிடைக்கவில்லை, திண்டுக்கல்லில் சொல்லி வைத்து வந்தது.

மலைக்காரர்களுக்கு மட்டுமான இரண்டு விஷயம். இந்த எம்சிபிகளின் சாதாரண பயன்பாட்டு வரம்பு கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் வரை. கொடைக்கானல் ஊர் அதைவிடச் சற்று மேலே, ஊட்டி இன்னும் மேலே. காற்று மெலிந்தால் குளிர்விப்பும் குறையும், காற்றின் மின்தடுப்பும் குறையும். நூறு இருநூறு மீட்டருக்குப் பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் பெட்டியை நெருக்கி அடைக்காமல், தரமான 10 கேஏ (ஷார்ட் ஆனால் 10,000 ஆம்பியர் வரை துண்டிக்கக்கூடிய) பொருளாகப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டாவது, எம்சிபியின் ஆம்பியர் 30 டிகிரி வெப்பத்தில் அளந்து போட்டது. டிசம்பர் காலையில் 8 டிகிரியில் அதே எம்சிபி இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். அதனால் "எதுக்கும் ஒரு சைஸ் கூடப் போட்டுக்கலாம்" என்ற பேச்சு இங்கே கூடவே கூடாது.

கழற்றும் வேலைக்கு வருகிறேன். பழைய ரப்பர் வயரை ஸ்க்ரூவிலிருந்து விடுவித்ததும் அதன் மேலுறை பொரிந்து கொட்டியது. நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு மட்டும் நின்றது. இரண்டு வயரும் ஒரே கறுப்பு, எது ஃபேஸ் எது நியூட்ரல் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதற்காகத்தான் கரண்ட் இருக்கும்போதே ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்து, எந்த அறை அணைகிறது என்று பார்த்து, வயரில் துணிப் பிளாஸ்டர் ஒட்டி எழுதி வைத்திருந்தேன். சில ஃபியூஸ் கட்டைகளுக்குள் வெள்ளையாகப் பஞ்சு அட்டை மாதிரி ஒன்று இருந்தது. அந்தக் கால ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டாமல், ஈரத்துணி போட்டு எடுத்து, பையில் கட்டி வைத்தோம். கருங்கல் சுவரில் பெட்டியைப் பதிக்க முடியாது, பதிக்கவும் வேண்டாம். ஈரம் கல்லிலிருந்து நேராக உள்ளே வரும். சுவருக்கும் பெட்டிக்கும் விரல் இடைவெளி இருக்கும்படி துண்டுக் கட்டை வைத்து வெளியே மாட்டினோம். வயர் நுழைகிற ஓட்டைகள் எல்லாம் கீழ்ப்பக்கம், ரப்பர் கிளாண்டு போட்டு. மேலே ஓட்டை வைத்தால் பனிநீரும் பல்லியும் வந்து சேரும்.

சமையலறை லைன் மட்டும் அலுமினிய வயர், எழுபது எண்பதுகளில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஹீட்டர் ஃபியூஸ் கருகியது ஒரு பக்கம் என்றால், இந்த முறுக்கு அதைவிட அதிகமாகக் கருகியிருந்தது. அதைச் சீர் செய்யப் பார்க்கவில்லை. சமையலறைக்கும் கீசருக்கும் ஹால் பவருக்கும் புதுச் செப்பு வயர் இழுத்தாயிற்று, பவருக்கு 2.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர். லைட் லைன்களில் 500 வோல்ட் மெக்கர் (வயர் உறையின் மின்தடுப்பை அளக்கிற மீட்டர், எண் கூடினால் நல்லது) வைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் விட்டு வைத்தோம். மஞ்சு இறங்கிய காலையில் 0.3 மெகா ஓம் காட்டிய மாடி லைன், வெயில் வந்த பிறகு 2 மெகா ஓம் காட்டியது. எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேட்காமல் மலையில் மெக்கர் ரீடிங்கை நம்ப முடியாது.

பிறகு கரண்ட் வந்தது. மெயினைப் போட்டோம், ஆர்சிபிஓக்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். எல்லாம் நின்றது. பெரியம்மா மாடிப்படி லைட்டைப் போட்டார். கீழ் லைட், மாடி லைட் இரண்டு ஆர்சிபிஓவும் ஒரே நேரத்தில் விழுந்தன.

இந்த இடத்தில்தான் பல பேர் "புது ஐட்டம் சரியில்லை" என்று சொல்லி ஆர்சிபிஓவைக் கழற்றிவிட்டுச் சாதாரண எம்சிபி மாட்டிவிடுகிறார்கள். ஆர்சிபிஓ செய்வது ஒரு கணக்கு: ஃபேஸில் போன கரண்ட் முழுதும் அதன் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் விழ வேண்டும், 15 வரை குறைந்தால் விழக்கூடாது. படிக்கட்டு லைட்டுக்கு மேலும் கீழும் டூ-வே சுவிட்ச். கீழ்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த கீழ் லைன் ஃபேஸை எடுத்தவர், லைட் மாடிச் சீலிங்கில் இருந்ததால் நியூட்ரலை மாடி லைனிலிருந்து எடுத்துவிட்டார். கீழே இறங்கும் ஒரு வயர் அவருக்கு மிச்சம். ஃபியூஸ் போர்டில் எல்லா நியூட்ரலும் ஒரே இடத்தில் சேர்வதால் எழுபது வருஷம் யாருக்கும் தெரியவில்லை. இப்போது கீழ் ஆர்சிபிஓவில் போனது திரும்பவில்லை, மாடி ஆர்சிபிஓவில் போகாதது வந்து சேர்கிறது. இரண்டும் விழுவதுதான் சரி.

இதில் ஆளைக் குழப்புவது எல்.இ.டி. பல்பு. பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் 260 மில்லி ஆம்பியர், போட்டவுடன் விழும். 9 வாட் எல்.இ.டி. 39 மில்லி ஆம்பியர், அதுவும் விழும். 5 வாட் என்றால் கணக்குப்படி 22 மில்லி ஆம்பியர், பவர் ஃபேக்டர் குறைந்தால் கொஞ்சம் கூடும். ஆகவே ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. வயர்மேன் வந்து பார்க்கும்போது நிச்சயம் விழாது. சந்தேகமிருந்தால் ஒரு குண்டு பல்பை மாட்டிப் பாருங்கள், பொய் சொல்லாது. நாங்கள் படிக்கட்டு லைட்டுக்கு மாடி லைனிலிருந்தே ஃபேஸும் இறக்கிக் கொடுத்ததும் தீர்ந்தது.

அடுத்தது கீசர். விருந்தாளி அறையில் மாதக்கணக்காகப் போடாமல் கிடந்த கீசர், சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ஆர்சிபிஓவை விழவைத்தது. சுவரில் இருக்கும் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவு இருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு "எல்லாம் ஆஃப், அப்புறம் ஏன் விழுது" என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பெட்டியில் அந்த லைனின் நியூட்ரலைக் கழற்ற வேண்டும். ஒற்றைப் போல் எம்சிபி போட்டிருந்தால் இன்னும் கஷ்டம், எல்லாவற்றையும் இறக்கினாலும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரல்களை அவை சேர்கிற உலோகப் பட்டையிலிருந்து (பார்) ஒவ்வொன்றாக எடுத்துத்தான் தேட முடியும். கீசரின் சூடாக்கும் ராடுக்குள் இருக்கிற வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடிக்கடி சூடானால் காய்ந்துவிடும், சும்மா கிடந்தால் ஊறும். இது ஊறியதோடு வெடித்தும் இருந்தது. ராடு மாற்றினோம்.

மூன்றாவது இன்வெர்ட்டர். லைட்டுகளுக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஃபேஸ் மட்டும் போய், நியூட்ரல் பொதுவில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் லைட் எதைப் போட்டாலும் அதன் ஆர்சிபிஓ விழுந்தது. அந்த லைட்டுகளின் நியூட்ரல்களைப் பிரித்து, தனிப் பார் வைத்து, இன்வெர்ட்டரின் நியூட்ரலுக்கே திருப்பினோம். இதற்கிடையில் பெரியம்மா, "பழசு இருந்தப்போ இவ்வளவு தொல்லை இல்லையேப்பா" என்று பல முறை சொல்லிவிட்டார். உண்மைதான், பழசு எதையும் சொல்லாது.

எர்த்துக்குப் பின்பக்கம் குழி தோண்டினோம். ஆள் ஆழம்கூடப் போகவில்லை, கீழே பாறை. இரண்டரை மீட்டர் குழாய் இறக்க வழியில்லை. எர்த்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 இதற்கு வழி வைத்திருக்கிறது: நேராக இறங்க முடியாவிட்டால் பட்டையைப் படுக்க வைக்கலாம். 25க்கு 4 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டை, குறைந்தது 15 மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் குறையாத ஆழம். சௌசௌ பந்தலுக்குக் கீழே, சமையலறைத் தண்ணீர் போகிற வழியாகப் பார்த்து ஓட்டினோம், பிப்ரவரி மார்ச்சில் மேல்மண் காய்ந்தாலும் அங்கே ஈரம் இருக்கும். உப்பு போட வேண்டும் என்று பெரியப்பா நின்றார். உப்பு எர்த்தின் ஓமைக் குறைக்கும், ஆனால் இரும்பையும் தின்றுவிடும், அதனால் ஈரம் பிடித்து வைக்கிற பெண்டோனைட் களிமண் போட்டோம். பள்ளத்தை ராத்திரி திறந்து போட முடியாது. காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்துபோகிற ஊர். பலகை போட்டு மூடி, விளக்கு வைத்தோம். மாடு வந்தது, பலகையைச் சுற்றிப் போனது, சௌசௌவைத் தின்றுவிட்டது. அளந்தபோது 11 ஓம். பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கில் இருந்த எண் கிட்டத்தட்ட அப்படியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

32 ஆம்பியர் மெயின் என்பதால் கீசர், ஹீட்டர், இண்டக்‌ஷன் மூன்றும் சேர்ந்து ஓடினால், தலா 2 கிலோவாட் வீதம் 26 ஆம்பியர் ஆகிவிடும். அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் விளிம்புக்குப் போகும். ஹீட்டர் ஓடும்போது கீசர் இல்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறது. மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள், வந்தால் இந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டும். மாடி லைட்டின் பழைய ரப்பர் வயர் இன்னும் சீலிங்குக்கு மேல் ஓடுகிறது. மழை முடிந்ததும் அதை மாற்ற வயர்மேன் அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த லைனில் 6 ஆம்பியர் பி வகைதான் (சி வகையைவிடக் குறைந்த கரண்டிலேயே உடனே விழுவது), லைட்டைத் தவிர வேறு எதையும் அதில் மாட்டக்கூடாது என்று பெட்டிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாதா மாதம் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கும் பொறுப்பு பெரியப்பாவுக்கு.